எரிநட்சத்திரம் பார்க்கப் போன இரவு

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை மாதக் கடைசியில் நடந்தது இது. இடம், மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் சாலையில் செக்கானூரணியைத் தாண்டி, உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டம். அப்போது நான் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். என் மனைவி பெண்கள் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. பழங்காநத்தத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம்.

ஒவ்வொரு டிசம்பரிலும் டெலிபிரின்டரில் ஒரு சின்னச் செய்தி வரும். இந்த வாரம் இரவு வானத்தில் விண்கற்கள் மழைபோல் விழும், வெறும் கண்ணால் பார்க்கலாம் என்று இருக்கும். அதை நான்கு வரித் தமிழாக்கி எடுத்து வைத்துக்கொள்வேன். பக்கத்தின் அடியில் இடம் மிஞ்சினால் போடுவோம். கடைசி நேரத்தில் இரங்கல் விளம்பரம் வந்தால் தூக்கிவிடுவோம். இடத்தை அடைப்பதைத் தவிர அந்தச் செய்திக்கு வேறு உபயோகம் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

அந்த நான்கு வரியை ஒருநாள் காலையில் படித்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "எழுதுன நீங்களும் பாத்ததில்ல, பாடம் நடத்துற நானும் பாத்ததில்ல. ஊருக்கு மட்டும் சொல்லிக்கிட்டே இருக்கோம்."

அதிலிருந்து இரண்டு வருடம் முயன்றோம். ஒரு வருடம் மழை. அடுத்த வருடம் எனக்கு இரவு வேலை. அவள் மட்டும் மொட்டை மாடியில் உட்கார்ந்து, தெருவின் டியூப் லைட்டுகளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். மூன்றாவது வருடம் முறையாகத் திட்டம் போட்டாள். இருட்டாக இருக்க வேண்டும், சுற்றிலும் மரம் மறைக்கக் கூடாது, படுக்க இடம் வேண்டும், மழை வந்தால் ஒதுங்க ஒரு கூரை வேண்டும். கொடைக்கானல் என்றேன், மூடுபனியில் என்ன தெரியும் என்றாள். கப்பலூர்ப் பக்கம் ஒரு நண்பரின் காலி மனை இருந்தது. சுற்றிலும் கம்பெனி விளக்குகள். அணைக்கட்டுப் பயணியர் விடுதிக்கு மனுப் போட்டு, அது மேசை மேசையாக நகர்ந்து வருவதற்குள் விண்கல் மழை முடிந்துவிடும்.

கடைசியில் இடம் கிடைத்தது எங்கள் அலுவலகத்திலேயே. பார்சல் கட்டும் பிரிவில் இருந்த நண்பர், "எங்க அண்ணன் தோட்டத்துல மோட்டார் ரூம் இருக்குண்ணே. பக்கத்துலயே களம். ராத்திரி ஒரு ஈ காக்கா வராது. நான் சொல்லி விடுறேன்" என்றார்.

இந்தத் திட்டத்தில் ஒரு சிக்கல் இருந்தது. என் மனைவி அப்போது ஐந்து மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. டாக்டரம்மா, இந்தத் தடவை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்து போகலாம் என்று சொல்லியிருந்தார். இரு வீட்டுப் பெரியவர்களிடமும், நண்பர் வீட்டுக் காதுகுத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். பையில் இரண்டு கம்பளி, ஃபிளாஸ்க், ஒரு டார்ச் லைட். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டியிருந்தாள். சிவப்பு வெளிச்சம் என்றால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது என்று ஏதோ புத்தகத்தில் படித்திருந்தாள்.

தோட்டத்தில் எங்களை வரவேற்றது கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். மோட்டார் ரூம் வாசலில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு சீறிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நண்பரின் அண்ணன் பெருமையாக நின்றார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். நல்ல உயரம், தலையில் துண்டு.

"டவுன் ஆளுக, இருட்டுக்குள்ள கெடந்து சிரமப்படக் கூடாதுல்ல. அதான் வாடகைக்கு எடுத்தாந்தேன் சார். விடிய விடிய எரியும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மோட்டார் ரூமைப் பார்த்தேன். சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி, கிரீஸ் வாசனை, எங்களுக்காகத் துடைத்துப் போட்ட இரண்டு கயிற்றுக் கட்டில்கள். வெளியே சாணி மெழுகிய களம். அதன் ஓரத்தில் ஒரு வேப்பமரம். அதற்கு அப்பால் நெல் வயல். அந்த விளக்கு ஒன்றைத் தவிர, அவள் கேட்ட அத்தனையும் அங்கே இருந்தது.

அவருடைய மனைவி சாப்பாடு கொண்டுவந்தார். என் மனைவி வயதுதான். வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார். எனக்கு 'அண்ணே', என் மனைவிக்கு 'டீச்சரம்மா'. நாங்கள் போதும் என்று சொன்னதை ஒரு தடவைகூடக் காதில் வாங்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி நண்பரின் அண்ணனிடம் மெல்லத் தொடங்கினாள். "அண்ணே, அந்த லைட்ட அணைச்சிரலாமா?"

"கண்ணு கூசுதா டீச்சரம்மா? அங்கிட்டுத் தள்ளி வச்சிருவோம்."

"இல்லண்ணே. நாங்க வந்ததே எரிநட்சத்திரம் பாக்கத்தான். இன்னைக்கு நெறைய விழும். வெளிச்சம் இருந்தா தெரியாது."

இலைகளை மடித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கை நின்றது. "எரிநட்சத்திரமா? அதப் பாக்கவா பஸ் ஏறி வந்தீக?" கணவர் பக்கம் திரும்பினார். "உங்க தம்பி, காத்து வாங்க வாராகன்னுல்ல சொன்னாரு!"

நண்பர் விஷயத்தை முழுதாகச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் எரிநட்சத்திரத்தைப் பார்ப்பது ஆகாது. தெரியாமல் கண்ணில் பட்டால்கூட உடனே பச்சை மரத்தையோ செடியையோ பார்த்துவிட வேண்டும். "தன்னால விழுந்தாலே நாங்க மூஞ்சியத் திருப்பிக்கிருவோம். இவுக என்னடான்னா டிக்கெட் எடுத்து வந்துருக்காக" என்றார் அந்த அம்மா. அவர் கணவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஏனென்றால் அந்த அம்மா என் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது என் மனைவி ஒரு கையைத் தரையில் ஊன்றியிருந்தாள்.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"மொதப் பிள்ளையா?"

என் மனைவி முந்தானையை இழுத்து வயிற்றின் மேல் விட்டுக்கொண்டாள். "தங்குனா மொதப் பிள்ளை."

அதன்பிறகு அந்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப வேணாம் மதினி. நீங்க உள்ள படுங்க. அண்ணே வேணும்னா பாக்கட்டும், அவருக்கு என்னா கெட்டுப் போகுது. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, எவ வீட்டுக்குப் போனா, எவ பாக்க விட்டாங்குற பேச்சு எனக்குத்தான் வரும். பேச்சு கெடக்கு, என் மனசு கேக்காது."

அவர் சொன்னதில் ஒரு பகுதி எனக்கும் பொருந்தியது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எங்கள் பத்திரிகையில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் களத்தில் நின்றபோது, மூன்றாவது முறையும் ஏதாவது நடந்துவிட்டால் இரண்டு வீட்டிலும் இந்த இரவைத்தான் சொல்வார்கள் என்று தோன்றியது. நானும் அதையே நினைப்பேனோ என்று பயமாக இருந்தது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்றேன்.

"அடுத்த வருஷமும் நாலு வரி எழுதுவீங்க" என்றாள் என் மனைவி. பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினாள். வாதாடப் போகிறாள் என்று நினைத்தேன். விண்கல் என்பது என்ன, காற்றில் உரசி எப்படி எரிகிறது என்று பாடம் தொடங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"மதினி, நீங்க மாசமா இருந்தப்ப ஒரு எரிநட்சத்திரம்கூடக் கண்ணுல படலையா?"

"படாம எப்படி இருக்கும்? ராத்திரிதான கரண்டு விடுறாய்ங்க. தண்ணி பாய்ச்ச நாந்தான வருவேன். ரெண்டாவது பையன் வயித்துல இருக்கையில, இந்தா இந்த வரப்புலதான், மூஞ்சிக்கு நேரா விழுந்துச்சு."

"என்ன செஞ்சீங்க?"

"என்னா செய்ய? குனிஞ்சு நெல்லுப் பயிரப் பாத்தேன். அம்புட்டுத்தான்."

"பையன் நல்லாத்தான இருக்கான்?"

"அவனுக்கு என்னா கேடு. எருமைக் கன்னு மாதிரி இருக்கான்."

"அப்ப பச்சையப் பாத்துட்டா சரியாப் போயிரும்?"

"போயிரும்."

"அப்ப ஒவ்வொண்ணுக்கும் நானும் பச்சையப் பாத்துக்கிறேன். நீங்க பக்கத்துலயே இருங்க. ஒண்ணு விட்டாலும் சொல்லுங்க."

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் வானத்தைப் பார்த்தார். கடைசியில், போய் ஒரு வேப்பங்கொப்பு ஒடித்து வாருங்கள் என்று அவருக்கு உத்தரவு வந்தது. பெட்ரோமாக்ஸ் பெருமூச்சு விட்டு அணைந்தது.

கயிற்றுக் கட்டில்களை வெளியே இழுத்துப் போட்டோம். அந்த அம்மா என் மனைவியின் தலையைச் சுற்றிக் கம்பளியை இறுக்கிக் கட்டினார். பனி இறங்கக் கூடாதாம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக நட்சத்திரங்கள் கூடிக்கொண்டே வந்தன. கிழக்கே மதுரை இருந்த திசையில் மட்டும் அடிவானம் சற்று வெளுத்திருந்தது. அதற்கு மேலே சட்டென்று ஒரு கோடு. மஞ்சள் கலந்த வெள்ளை. அவசரமில்லாமல் நகர்ந்து, வேப்பமரத்துக்குப் பின்னால் அணைந்தது.

"பச்சை! பச்சை!" என்றார் அந்த அம்மா.

என் மனைவி டார்ச்சை அடித்தாள். அந்த அம்மா கொப்பை அதன் முன்னால் நீட்டினார். இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"என்னா இது, இலை கருப்பாத் தெரியுது? பச்சையவே காணோமே!"

சிவப்பு வெளிச்சத்தில் பச்சை இலை கருப்பாகத்தான் தெரியும். வருடா வருடம் எட்டாம் வகுப்புக்கு என் மனைவியே நடத்துகிற பாடம் அது. இருட்டில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. "ஆமா மதினி, இது தப்புத்தான்" என்று சிவப்புத்தாளைக் கிழித்துப் போட்டாள்.

அடுத்ததற்கு வெள்ளை வெளிச்சம். இலை பளீரென்று பச்சையாகத் தெரிந்தது. ஆனால் டார்ச்சை அணைத்தபிறகு எங்கள் எல்லோருக்கும் வானம் ஒரே கருப்பாகிவிட்டது. கண் திரும்பவும் பழகுவதற்குள் அந்த அம்மாவின் கணவர், "அந்தா ஒண்ணு போச்சு", "இந்தா இன்னொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒருவர்தான் டார்ச் பக்கம் திரும்பாதவர். மூன்று தடவை இப்படியே ஆனது. ஒன்றைப் பார்த்தால் இரண்டு தவறிப்போனது. ஆனாலும் என் மனைவி ஒவ்வொரு தடவையும் சொன்ன சொல் தவறாமல் திரும்பி இலையைப் பார்த்தாள். நாலாவது தடவை டார்ச்சை அடிக்கும்போது அவள் கை தளர்ந்திருந்ததை நான் கவனித்தேன். அந்த அம்மாவும் கவனித்திருக்க வேண்டும்.

"அணைங்க மதினி" என்றார்.

பிறகு கட்டில் கயிறு முனகியது. அந்த அம்மா என் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். கொப்பிலிருந்து ஒரு கொத்தை ஒடித்து அவள் கையில் வைத்து, விரல்களை மடக்கி, மேலே தன் கையையும் வைத்து மூடினார்.

"கண்ணு ஒண்ணுதான் பாக்கணும்னு இல்ல. கையில இருந்தாலும் அது பச்சதான். இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து பாருங்க. ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல."

"ஏய், இதுக்கு முன்னாடி இப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லையே" என்றார் கணவர்.

"இப்ப நான் சொல்றேன், கேட்டுக்கங்க. கொப்ப ஒடிக்கிறதோட உங்க சோலி முடிஞ்சது."

அதன்பிறகு பார்த்ததுதான் பார்த்தது. சில நேரம் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. சில நேரம் நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வானத்தின் பாதியைக் கடந்துபோகிற ஒன்று வரும். பின்னால் ஒரு மங்கலான தடம் நின்று மெல்லக் கரையும். தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு வயலில் மோட்டார் ஓடியது. என் மனைவி ஒரு கையால் காட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லாம் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதுபோல் தெரிகிறது பாருங்கள், அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் இருக்கிறதே, அதுதான் புனர்பூசம் என்றாள்.

"புனர்பூசமா? அது இந்தா கெடக்குற மனுசன் நட்சத்திரம்ல!" என்றார் அந்த அம்மா. "இம்புட்டும் அங்க இருந்துதான் விழுகுதா? அதான் வீட்டுல ஒண்ணும் தங்க மாட்டேங்குது."

"கேட்டீகளா மாப்ள?" என்றார் கணவர் என்னிடம். நான் 'சார்' ஆக இருந்தது எப்போது மாறியது என்று கவனிக்கவில்லை. "பொண்டாட்டிக்கு அண்ணன்னு ஒருத்தர் வந்துட்டா இவளுக்கு வாயி கூடிப் போகும்."

முதலில் அந்த அம்மா வானத்தைப் பார்க்கவே இல்லை. என் மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய கோடு விழுந்தபோது தன்னையறியாமல் நிமிர்ந்தார். பிறகு குனியவில்லை. "யாத்தே, அதப் பாருங்க" என்றும், "இது சுருக்காப் போயிருச்சு, சரியில்ல" என்றும், வளையல் கடையில் நிற்பவரைப்போல ஒவ்வொன்றையும் தரம் பிரிக்க ஆரம்பித்தார். அவர் கணவர் குறட்டை விட ஆரம்பித்தார். நடுச்சாமம் தாண்டி, "போதும் மதினி, படுங்க" என்று என் மனைவிதான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. "இருங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார் அவர். அந்த ஒன்று பலமுறை வந்துபோனது. அவ்வளவு நேரமும் மடக்கிய அந்தக் கையின் மேலிருந்து அவர் தன் கையை எடுக்கவில்லை.

காலையில் வரகாப்பி குடித்துவிட்டுப் பஸ் ஏறினோம். என் மனைவி வழியெல்லாம் தூங்கினாள். தூக்கத்திலும் முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்த இரவு அத்துடன் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

தையில் ஒருநாள் அந்த அம்மா எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். மதுரையில் சேலை எடுக்க வந்தாராம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொண்டுவந்திருந்தார். என் மனைவியின் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார், பிள்ளை அசைகிறதா என்று கேட்டார், காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார். மாசியிலும் வந்தார், ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க வந்தாராம். பங்குனியில் வேறு காரணம். சேலை எடுக்க வந்தவர் கையில் ஜவுளிக்கடைப் பை இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்கு, கேட்டால் வார்டு தெரியவில்லை. என் தொழிலில் இந்த மாதிரி விஷயங்கள் கண்ணில் படும். பட்டது, அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பாசமான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரைக் கடைசியில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். அலுவலக நண்பர் மூலம் சொல்லி அனுப்பினேன். மறுநாளே கணவனும் மனைவியுமாக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். அந்த அம்மா துணியை விலக்கிக் குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வாயாடி இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு விசித்திரமாக இருந்தது. சற்று நேரத்தில் தூங்கியே விட்டார்.

அவர் கணவரை வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போனேன். அவர் டீ வேண்டாம் என்றார். எதிரே பரோட்டாக் கல் தட்டும் சத்தம் கேட்ட பக்கமாகத் திரும்பி நின்றார்.

"மாப்ள, மொதல்ல எனக்கு ஒரு முட்டைப் பரோட்டா வாங்கிக் குடுங்க. அஞ்சு மாசமாச்சு."

"எதுக்கு அஞ்சு மாசம்?"

"உங்களுக்குத் தெரியாதா? அன்னைக்கு நீங்க பஸ் ஏறுன பெறகு நேரா கோயிலுக்குப் போனா. மதினிக்கு நல்லபடியா பிள்ளை பெறக்குற வரைக்கும் வீட்டுல கவுச்சி கெடையாதுன்னு நேந்துக்கிட்டா. அவளுக்கு மட்டும் நேந்தாளா, எனக்கும் சேத்து நேந்துட்டா. பொங்கலுக்கு மறுநா ஊரே கறி திங்கிது, நான் பருப்பத் தின்னேன். ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்கிருவா. என்னாடின்னா, நான் பாட்டுக்கு ஒரு வேகத்துல கையில இருந்தா போதும்னு சொல்லிட்டேனே, அது சரியா தப்பான்னு கேப்பா. நான் என்னா சாமியாரா, எனக்குத் தெரியுமா? வேணும்னா போயிப் பாத்துட்டு வாடின்னு பஸ் ஏத்தி விடுவேன்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டு முட்டைப் பரோட்டா சாப்பிட்டார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் மகளுக்கு இந்தக் கதை தெரியும். என் மனைவி அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு வானத்தைக் காட்டியிருக்கிறாள். எல்லோரிடமும் அந்தக் களத்தைப் பற்றிச் சந்தோஷமாகத்தான் சொல்வாள். நானும் சந்தோஷமாகத்தான் கேட்பேன். ஆனால் அன்று இரவு அவள் ஒரு பயமும் இல்லாமல் அண்ணாந்து பார்த்தாள் என்றால், அவளுக்கும் எனக்கும் சேர வேண்டிய பயத்தை இன்னொரு பெண் எடுத்துப்போய் ஐந்து மாதம் தன் வீட்டில் வைத்திருந்தாள் என்பது எனக்கு மறப்பதில்லை; இன்றும் யாராவது என்னிடம் 'நான் சொல்றேன்ல, ஒண்ணும் ஆகாது' என்று சொன்னால், அந்த வார்த்தையைச் சொன்னதற்காக அவர் எத்தனை இரவு விழித்திருக்கப் போகிறாரோ என்று அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.